மசாலா அடைத்த காய்கள்: பூரணம்தான் சத்தை முடிவு செய்கிறது

அரைக் கிலோ கத்தரிக்காயில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 125 கலோரிதான். அதே அரைக் கிலோவை வாங்கி, கீறி, மசாலா அடைத்து, எண்ணெய் மிதக்க வதக்கி இறக்கினால், சட்டியில் 1,600 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும். காய் மாறவில்லை, அதற்குள் நாம் வைத்ததும் அதைச் சுற்றி ஊற்றியதும்தான் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கின. அடைத்த காய்களைப் பற்றி எழுதும்போது நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். காய் என்பது பெரும்பாலும் நீர், நார்ச்சத்து, சில வைட்டமின்கள், தாது உப்புகள். கத்தரிக்காயின் எடையில் ஏறக்குறைய 92 விழுக்காடு நீரே. அதனால் புரதம் கிடைக்குமா, தேவைக்கு மேல் கொழுப்பு சேருமா, உப்பு எல்லை மீறுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பூரணம்தான் பதில் சொல்கிறது.

கோலாலம்பூரில் வாழும் நமக்கு அடைத்த காய் என்பது ஒரே ஒரு சமையல் மரபின் சொத்து அன்று. மஸ்ஜித் இந்தியா பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எண்ணெய்க் கத்தரிக்காய் கிடைக்கிறது. அம்பாங்குக்குப் போனால் ஹக்கா சீனர்களின் யோங் தாவ் ஃபூவில் வெண்டைக்காய், பாகற்காய், கத்தரிக்காய், மிளகாய் ஆகியவற்றுக்குள் மீன் விழுது வைத்துத் தருகிறார்கள். நோன்பு மாதத்துச் சந்தைகளில் கிளந்தான்காரர்கள் பெரிய பச்சை மிளகாய்க்குள் மீனும் தேங்காயும் வைத்து, தேங்காய்ப் பால் ஊற்றி அவித்த சோலோக் லாடாவை விற்கிறார்கள். மூன்றும் ஒரே யோசனையின் மூன்று வடிவங்கள். இவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டு, வீட்டு அடுப்பில் எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுச் சூழலில் இது வெறும் ருசி சார்ந்த விஷயமாக இல்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட அளவு காய்கறியும் பழமும் உண்ணவில்லை. நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில்தான் மிக அதிகம் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. காயைப் பொரியலாக வைத்தால் இரண்டு கரண்டிக்கு மேல் எடுக்காதவர்கள்கூட, முழுக் காயாக மசாலா அடைத்து வைத்தால் மூன்று நான்கு காய்களை எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டில் நான் பல ஆண்டுகளாகக் கண்டது இது. அதனால்தான் இந்தச் சமையல் மீது எனக்கு இத்தனை அக்கறை.

காயைத் தேர்ந்தெடுத்தல்

சௌகிட் சந்தையிலோ புடு சந்தையிலோ காலையில் போனால் நல்ல காய் கிடைக்கும். அடைப்பதற்குக் கத்தரிக்காய் முட்டை அளவில், காம்பு பச்சையாக, தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும்; அழுத்தினால் குழியாமல் மீண்டு வர வேண்டும். இத்தகைய சிறு கத்தரிக்காயைச் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிகளில் உள்ள நம்மவர் காய்கறிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். கிடைக்காத நாளில் எங்கும் விற்கும் நீளமான ஊதாக் கத்தரிக்காயை நான்கு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையிலிருந்து முக்கால் ஆழத்துக்குக் கீறிப் பயன்படுத்தலாம். பாகற்காயில், வெளிர் பச்சையாக நீண்டு பருத்திருக்கும் சீனப் பாகற்காயைவிட, மலாய்க்காரர்கள் பெரியா காத்தாக் என்று அழைக்கும் குட்டைப் பாகற்காயே அடைக்க ஏற்றது. ஒரு காய் ஒருவருக்குப் போதும். வெந்த பிறகும் வடிவம் குலையாது. வெண்டைக்காய் சுண்டுவிரல் அளவைத் தாண்டாமல், நுனியை மடக்கினால் ஒடிய வேண்டும். குடைமிளகாயும் தக்காளியும் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருபவை. அடிப்பகுதி தட்டையாக உள்ளவற்றை எடுத்தால் பாத்திரத்தில் நேராக நிற்கும்.

ஒரே நாளில் எல்லாக் காய்களையும் சேர்த்து அடைக்க முயல வேண்டாம். ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு.

கத்தரிக்காய்: எண்ணெயை எப்படிக் குறைப்பது

கத்தரிக்காய்க்கு ஏன் இவ்வளவு எண்ணெய் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் குறைக்கும் வழியும் தெரிந்துவிடும். அதன் சதை ஒரு பஞ்சு போன்றது. நுண்ணறைகளுக்கிடையே நிறையக் காற்று இருக்கிறது. பச்சைக் காயைச் சூடான எண்ணெயில் போட்டால் காற்று வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. சட்டி வறண்டதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுகிறோம். ஆனால் காயை முதலில் ஆவியில் வேக வைத்தால் அந்த அறைகள் சரிந்து, சதை இறுகிவிடுகிறது. அதன் பின் எண்ணெயில் போட்டால் புறத்தோல் மட்டுமே எண்ணெய் பூசிக்கொள்ளும். இட்லிப் பானை இருக்கும் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ சிறு கத்தரிக்காய் வேண்டும். காம்பை நீக்காமல், அடியிலிருந்து கூட்டல் குறி போலக் கீறி, முக்கால் பங்கு ஆழத்தில் நிறுத்த வேண்டும். கீறிய உடனே சிறிது உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் போட்டால் சதை கறுக்காது. கத்தரிக்காயில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பொருள்கள் காற்று பட்டு மாறுவதால்தான் அந்தக் கறுப்பு வருகிறது. அதில் கெடுதல் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு நன்றாக இராது, அவ்வளவுதான்.

பூரணத்துக்கு 50 கிராம் நிலக்கடலை, இரண்டு மேசைக்கரண்டி கடலைப் பருப்பு, ஒரு மேசைக்கரண்டி எள், ஒரு மேசைக்கரண்டி மல்லி, நான்கைந்து காய்ந்த மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். எள் கடைசியில், அது வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், கருகினால் முழுப் பூரணமும் கசக்கும். ஆறிய பின் கொரகொரப்பாகப் பொடித்து, அதனுடன் துருவிய தேங்காய் 30 கிராம், நெல்லிக்காய் அளவு புளியின் கெட்டிக் கரைசல், பொடியாக நறுக்கிய பத்துச் சின்ன வெங்காயம், தட்டிய நான்கு பூண்டுப் பற்கள், முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஒழுகினால் பூரணம் நீர்த்துவிட்டது என்று பொருள், சிறிது பொட்டுக்கடலை மாவு சேர்த்து இறுக்கலாம்.

காய்களின் நீரை நன்றாக உதறி, ஒவ்வொன்றிலும் பூரணத்தை அமுக்கி வைத்து, லேசாக அழுத்தி மூட வேண்டும். பாதிப் பூரணம் மீதமிருந்தால் கவலை வேண்டாம், அது பிறகு பயன்படும். எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வேக வைத்தால் பருப்பும் மாவும் இறுகிப் பூரணம் காயோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அகலமான இரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, காய்களை அடுக்கி, மிதமான தீயில் பத்து நிமிடம் அவ்வப்போது மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். மீதமிருக்கும் பூரணத்தை அரைக் கோப்பை நீரில் கரைத்து ஊற்றி, சுண்டும்வரை விட்டால் தொக்கும் கிடைத்துவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கத்தரிக்காய் 125 கலோரி, நிலக்கடலை 285, கடலைப் பருப்பு 110, எள் 50, தேங்காய் 105, எண்ணெய் 240. மொத்தம் 915 கலோரி அளவில் வருகிறது. ஒருவருக்குச் சுமார் 230 கலோரி. புரதம் மொத்தம் 27 கிராம், நார்ச்சத்தும் அதே அளவு. அதாவது ஒருவருக்கு ஏறக்குறைய ஏழு கிராம் புரதம், ஏழு கிராம் நார்ச்சத்து. புரதத்தில் சரிபாதி நிலக்கடலையிலிருந்து வருகிறது, நார்ச்சத்தில் பாதிக்கு மேல் காயிலிருந்து வருகிறது. காயும் பூரணமும் ஒன்றின் குறையை மற்றொன்று இப்படித்தான் நிரப்புகின்றன. இதே சமையலை எட்டு மேசைக்கரண்டி எண்ணெயில் செய்தால் சத்து எதுவும் கூடாமல் 720 கலோரி மட்டும் கூடும். ஒருவருக்கு 410 கலோரி ஆகிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும், நல்லெண்ணெயோ செம்பனை எண்ணெயோ, இந்தக் கணக்கு மாறாது.

தோலை உரிக்க வேண்டாம். கத்தரியின் ஊதா நிறத்துக்குக் காரணமான நாசுனின் என்னும் நிறமி தோலில்தான் இருக்கிறது. நார்ச்சத்தின் ஒரு பகுதியும் அங்கேதான். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருந்தால் அதே அளவு பொட்டுக்கடலை போடலாம். புரதம் ஏறக்குறைய நிலக்கடலைக்கு நிகராக இருக்கும், கொழுப்பு வெகுவாகக் குறையும், ஆனால் பூரணம் சற்று வறண்டு இருக்கும் என்பதால் புளிக்கரைசலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாகற்காய்

நூறு கிராம் பச்சைப் பாகற்காயில் 17 கலோரிதான். வைட்டமின் சி மட்டும் 80 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஃபோலேட், பொட்டாசியம் ஆகியவையும் நல்ல அளவில் உள்ளன. ஆனால் வைட்டமின் சி நீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது. கசப்பைப் போக்க வேண்டும் என்று காயை வேக வைத்து, நீரை வடித்துக் கொட்டி, பிழிந்து, மறுபடியும் பொரித்தால் நாம் வாங்கிய சத்தில் ஒரு பெரும்பகுதியைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். வேக வைத்து வடிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகச் செய்வது எளிது: காயை நீளவாக்கில் ஒருபுறம் மட்டும் கீறி, முற்றிய விதைகளை எடுத்துவிட்டு, உள்ளே அரைத் தேக்கரண்டி உப்பைப் பரவலாகத் தடவி, 15 நிமிடம் கழித்து ஒருமுறை அலசிப் பிழிந்துவிட வேண்டும். சிறிது சத்து இதிலும் போகும். ஆனால் வீட்டில் எல்லாரும் உண்ணும் அளவுக்குக் கசப்பு தணியும். உண்ணாமல் ஒதுக்கப்படும் வைட்டமினால் யாருக்கும் பயனில்லை.

நானூறு கிராம் குட்டைப் பாகற்காய்க்கு 60 கிராம் பாசிப் பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து, நீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அந்தப் பருப்பு மட்டுமே 14 கிராம் புரதம் தருகிறது. அசைவம் உண்பவர்கள் இதில் ஒரு கைப்பிடி காய்ந்த நெத்திலியைச் சேர்க்கலாம். முழுதாக, முள்ளோடு உண்ணும் மீன் என்பதால் நெத்திலியில் கால்சியம் மிகுதி. ஆனால் உப்பும் அவ்வாறே மிகுதி. இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவி, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடித்துச் சேர்த்தால், பூரணத்துக்குத் தனியே உப்புப் போட வேண்டியதில்லை. பெலாச்சான் என்னும் உப்பிட்ட இறால் விழுது சேர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: நெத்திலி, பெலாச்சான், உப்பு மூன்றில் ஒன்றுதான். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு என்று எல்லை வகுத்திருக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மூன்று வேளை உணவுக்கும் சேர்த்து அவ்வளவுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, சோம்பு ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, அரைத்த பருப்பையும் ஒரு தேக்கரண்டி கறித்தூளையும் சேர்த்துக் கிளறி, உதிரியானதும் இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து காயில் அடைக்க வேண்டும். வாய் பிளக்காமல் இருக்க வெள்ளை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். பத்து நிமிடம் ஆவியில் வேக வைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கும்படி பிரட்டி எடுக்கலாம். பரிமாறுமுன் நூலை மறக்காமல் நீக்குங்கள். வெல்லம் போடும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீரிழிவுக்காரர்களுக்குச் சமைக்கும்போது அதுவும் வேண்டாம், நன்கு வதங்கிய வெங்காயத்தின் இனிப்பே போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாகற்காய்க்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அதில் உள்ள சாரன்டின் முதலிய பொருள்களைப் பற்றி ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் உறுதியாக இல்லை. மருந்துக்கு மாற்றாக அதை எந்த மருத்துவ வழிகாட்டியும் ஏற்கவில்லை. என் உறவினர் ஒருவர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய குவளைப் பாகற்காய்ச் சாறும் குடித்து, சர்க்கரை இறங்கிச் சமையலறையிலேயே மயங்கி விழுந்தார். குழம்பாகவோ அடைத்த காயாகவோ சோற்றோடு உண்பதில் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. சாறாகப் பிழிந்து அளவின்றிக் குடிப்பதும், அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. கருவுற்றிருப்பவர்களும் சாற்றைத் தவிர்ப்பது நல்லது.

வெண்டைக்காய்க்குத் தண்ணீர் பகை

வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் பரப்பி வைத்த பிறகே கீற வேண்டும். அதன் வழவழப்பு கரையும் நார்ச்சத்தால் வருவது. நீர் பட்டால் பெருகும், புளிப்புப் பட்டால் அடங்கும். குடலில் உணவு மெதுவாகச் செரிக்கவும், சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்கவும் கரையும் நார்ச்சத்து உதவுகிறது என்பதால், வழவழப்பை முற்றாக ஒழிக்க முயல வேண்டியதில்லை. நூறு கிராம் வெண்டைக்காயில் மூன்று கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் 80 மில்லிகிராம் அளவு கால்சியமும் உண்டு. பால் பிடிக்காதவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

பூரணம் உலர்வாக இருக்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி கடலை மாவை மணம் வரும்வரை வறுத்து, மல்லித்தூள், மிளகாய்த்தூள், சீரகத்தூள், மஞ்சள், அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது மாங்காய்த்தூள் அல்லது எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றோடு விரலால் கலந்தால் ஈர மணல் போல வரும். அதைக் கீறலில் நிரப்பி, அகலச் சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடாமல் 12 நிமிடம் வதக்கினால் போதும். மூடினால் ஆவி நீராகி மீண்டும் காயில் விழும். மசாலா வெளியே வந்துவிடும்.

மீன் விழுது: அம்பாங்கிடம் கற்றுக்கொள்ளலாம்

புரதத்தைப் பொறுத்தவரை, நம் கடலை, பருப்புப் பூரணங்களை ஹக்கா மக்களின் மீன் பூரணம் வெகுவாக மிஞ்சுகிறது. நூறு கிராம் தெங்கிரி (வஞ்சிரம்) மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேருக்கு 300 கிராம் மீன் எடுத்தால் ஒருவருக்கு 15 கிராம். கத்தரிக்காய்ப் பூரணம் தருவதைப் போல் இரு மடங்கு. வளரும் பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்வேன்.

தோல் நீக்கிய தெங்கிரித் துண்டைக் கரண்டியால் சுரண்டினால் முள் தங்கிவிட்டுச் சதை மட்டும் வரும். சதை நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் நீர், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, வெள்ளை மிளகுத்தூள் சேர்த்து, ஒரே திசையில் கிளறி, பின் கையில் எடுத்துக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். உப்பு மீனின் புரதத்தைக் கரைத்து ஒட்டும்படி செய்கிறது. பத்து நிமிடத்தில் விழுது பசை போல் இழுபடும். அந்த இழுவைதான் வெந்த பிறகு கடித்தால் மீண்டு வரும் பதத்தைத் தருகிறது. நான் இதில் பொடியாக நறுக்கிய மல்லித்தழையும் இஞ்சியும் ஒரு பச்சை மிளகாயும் சேர்ப்பேன். அதனால் பதம் கெடுவதில்லை, நம் வீட்டு மணமும் வந்துவிடுகிறது. வளையமாக வெட்டிய பாகற்காய், கீறிய வெண்டைக்காய், பெரிய மிளகாய், சாய்வாக வெட்டிய கத்தரித் துண்டு என எதில் அடைத்தாலும், உட்புறம் சோள மாவைத் தூவிவிட்டு அடைத்தால் விழுது கழன்று வராது. ஆவியில் எட்டு முதல் பத்து நிமிடம் வேக வேண்டும். அல்லது நெத்திலித் தலையும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்த தெளிந்த ரசத்தில் வேக வைக்கலாம்.

கடையில் சாப்பிடும்போது பொரித்ததைவிடச் சூப்பில் போட்டதைக் கேட்டு வாங்குவதும், மேலே ஊற்றும் இனிப்புச் சாஸைத் தனியே வைக்கச் சொல்வதும் நல்லது. சந்தையில் விற்கும் தயார் மீன் விழுதில் உப்பும் மாவும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை நாம் அறிய முடியாது. பொட்டலமாக வாங்கினால் சத்து அட்டவணையைப் படித்துப் பாருங்கள்.

குடைமிளகாயும் தக்காளியும்

இவை இரண்டும் எளியவை. பச்சைக் குடைமிளகாயில் நூறு கிராமுக்கு 80 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி இருக்கிறது. சிவப்பில் அதற்கும் மேல். அதிக நேரம் வேக விடாமல், காய் சற்று மொறுமொறுப்போடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதற்கு உருளைக்கிழங்கு மசியலைத்தான் அடைக்கிறார்கள். சுவையில் குறையில்லை, ஆனால் அதைச் சோற்றோடு வைத்து உண்டால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து சேர்கிறது. சுகாதார அமைச்சு சொல்லும் கால்-கால்-அரைத் தட்டில், அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறி பழம் என்ற ஏற்பாட்டில், உருளைக்கிழங்கு பூரணம் சோற்றின் பங்கில்தான் சேரும். கிழங்குதான் வேண்டும் என்றால் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் அடைப்பது தெம்பே. அவித்த சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் இந்தக் கட்டி நூறு கிராமில் 19 கிராம் அளவு புரதம் உள்ளது, விலையும் குறைவு, எந்தச் சந்தையிலும் கிடைக்கிறது. நம்மவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. உதிர்த்த தெம்பேயை வெங்காயம், தக்காளி, கறித்தூளோடு வதக்கி, மேலே ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறினால் கோழிக் கொத்துக்கறி போலவே இருக்கும். இரண்டாகப் பிளந்த குடைமிளகாயில் நிரப்பி, ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் ஆயிற்று. தக்காளியையும் இவ்வாறே செய்யலாம். குடைந்தெடுத்த சதையை வீணாக்காமல் பூரணத்திலேயே வதக்கிவிட வேண்டும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் சிறிது எண்ணெயோடு வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

பரிமாறுதல், பாதுகாத்தல்

பருப்பு, எள் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்பதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏற்கும். பாகற்காய்க்குள் பாசிப் பருப்பும் எலுமிச்சையும் சேர்வது அந்த வகையில் நல்ல பொருத்தம். ஆனால் உண்டு முடித்த கையோடு தே தாரிக் குடித்தால் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரத்தசோகை உள்ள பெண்கள் தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும் புரதமும் மருத்துவர் சொன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்பதால், மேலே சொன்ன அளவுகளை அவர்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இத்தனையும் வார நாளில் நடக்கிற காரியமா என்று தோன்றலாம். கத்தரிக்காய்க்குச் சொன்ன வறுத்த பொடியைத் தேங்காயும் புளியும் வெங்காயமும் சேர்க்காமல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு மடங்காகப் பொடித்து, ஈரமில்லாத போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மணம் குறையாது. மாலையில் வந்து காயைக் கீறி, பொடியோடு மற்றவற்றைப் பிசைந்து அடைத்து ஆவியில் வைத்துவிட்டால், சோறு வேகும் நேரத்துக்குள் காயும் தயாராகிவிடும். தேங்காய் சேர்ந்த பூரணம் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். மீன் விழுது அடைத்த காய்களைச் சமைக்காமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, உறைந்ததும் பையில் மாற்றி வைக்கலாம். வேண்டியபோது எடுத்து, உருக விடாமல் நேரே ஆவியில் 15 நிமிடம் வைத்தால் போதும்; நடுவில் உள்ள ஒன்றைப் பிளந்து பார்த்து, விழுது உள்ளேயும் வெண்மையாக இறுகியிருந்தால் இறக்கிவிடலாம்.